தகதிமியா, டா-டிடியா, ஒண்ணு ரெண்டா? பாடும் பிள்ளைகளுக்குத் தாளம் சொல்லித்தரும் வழிகள்

கோத்தகிரியில் சனிக்கிழமை காலை வகுப்பு. ஒன்பது வயதுப் பெண் ஒருத்தி, கர்நாடக சங்கீதத்தின் ஆரம்பப் பாடமான சரளிவரிசையின் முதல் காலத்தைத் தப்பில்லாமல் பாடி முடித்தாள். சுருதி சுத்தம், கையும் சுத்தம். "சரி, இப்போ ரெண்டாம் காலம்" என்றேன். சட்டென்று வேகம் எடுத்தாள். முகமெல்லாம் சந்தோஷமாக ஸரிகமபதநிஸ என்று விறுவிறுவெனப் போனாள். கையைப் பார்த்தேன். அதுவும் அதே விறுவிறுப்பில் தட்டிக்கொண்டிருந்தது. சுண்டுவிரலும் மோதிரவிரலும் நடுவிரலும் ஒன்றை ஒன்று துரத்தின. இரண்டாம் காலம் என்றால் கையின் வேகம் மாறாமல் தட்டுக்கு இரண்டு ஸ்வரம் பாட வேண்டும். அவள் பாடியது இரண்டாம் காலமே இல்லை. முதல் காலத்தை இரண்டு மடங்கு வேகத்தில் பாடியிருக்கிறாள். தட்டுக்கு ஒரு ஸ்வரம் என்பது மாறவே இல்லை.

பாட்டு சொல்லித்தருகிற எல்லோரும் இதைப் பார்த்திருப்பார்கள். தட்டு ஒன்று, அந்தத் தட்டுக்குள் விழுகிற பிரிவு இன்னொன்று என்பது பெரியவர்களுக்குச் சுலபமாகப் புரிகிறது. ஏழெட்டு வயதுப் பிள்ளைக்கு இரண்டும் ஒரே சரக்கு. வேகமாகப் பாடு என்றால் எல்லாமே வேகமாகிவிடும்.

போன மாதம் குன்னூரிலிருந்து ஒரு தங்கை போன் செய்தாள். புதிதாகப் பாட்டு வகுப்பு தொடங்கியிருக்கிறாள். "அக்கா, பன்னிரண்டு பிள்ளைங்க சேர்ந்திருக்காங்க. பாதிப் பேர் சர்ச் கொயர்ல பாடுறவங்க. மீதிப் பேர் பஜனை, ஸ்கூல் ஆண்டு விழான்னு பாடுறவங்க. வாரத்துக்கு முக்கால் மணி நேரம்தான் கிடைக்குது. தாளத்தை எதுல ஆரம்பிக்கட்டும்? தகதிமியா, டா-டிடியா, இல்ல ஒண்ணு ரெண்டுன்னு எண்ணச் சொல்லட்டுமா?" பஸ் சத்தத்துக்கு நடுவில் பாதிதான் சொல்ல முடிந்தது. மீதியை இங்கே எழுதுகிறேன். இந்த வழிகள் எல்லாவற்றையும் ஏதாவது ஒரு வருஷம் வகுப்பில் வைத்துப் பார்த்தவள் நான், சிலவற்றைக் கைவிட்டும் இருக்கிறேன்.

வழிகளை ஒப்பிடுவதற்கு முன்னால் எதை வைத்து ஒப்பிடுவது என்று முடிவு செய்துகொள்ள வேண்டும். கீபோர்டு வாசிக்கிற பிள்ளை வாசித்துக்கொண்டே வாயால் எண்ணலாம். மிருதங்கம் கற்கிற பிள்ளை சொல்லைச் சொல்லிக்கொண்டே வாசிக்கலாம். பாடுகிற பிள்ளைக்கு அந்த வசதி கிடையாது. எண்ணுகிற வாயும் பாடுகிற வாயும் ஒன்றுதான். ஒண்ணு ரெண்டு என்றோ தகதிமி என்றோ என்ன சொல்லிக் கொடுத்தாலும், பாட்டு தொடங்கியதும் அந்தச் சொல் வாயிலிருந்து இறங்கிவிடும். அதற்குப் பிறகு பிள்ளையிடம் என்ன மிச்சம் இருக்கிறது? என் அளவுகோல் இந்தக் கேள்விதான். சொல் போன பிறகும் உடம்பில் தட்டு நிற்க வேண்டும், அந்தத் தட்டுக்குள் பிரிவு ஓடிக்கொண்டிருக்க வேண்டும். எந்த வழி அதைச் செய்கிறதோ அதுவே பாடகருக்கு ஏற்ற வழி.

எண்ணும் வழியை முதலில் பார்க்கலாம். தமிழில் நாம் பேச்சில் எண்ணுவதைக் கவனித்துப் பாருங்கள். ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு, ஆறு, ஏழு, எட்டு. எட்டு எண்ணும் இரண்டிரண்டு அசை. யாப்பு படித்தவர்கள் எட்டும் தேமா என்று சொல்லிவிடுவார்கள். ஆதி தாளத்தின் எட்டு அட்சரத்துக்கு, அதாவது எட்டுத் தட்டுக்கு, அளவெடுத்துத் தைத்தமாதிரி இருக்கிறது. ஒரு தட்டுக்கு ஓர் எண், எண்ணின் இரண்டாவது அசை தட்டின் சரிபாதியில். "ஒண்" தட்டில், "ணு" பாதியில். மேற்கத்திய முறையில் எண்ணுகிறவர்கள் பாதியைக் காட்ட எண்ணுக்கு நடுவே 'அண்ட்' என்று ஒரு சொல்லைச் செருக வேண்டியிருக்கிறது. நமக்கு எண்ணுக்குள்ளேயே அது கிடைக்கிறது. "மூணுல வராதே, மூணோட 'ணு'வுல வா" என்று சொன்னால் பத்து வயதுப் பிள்ளைக்கு உடனே பிடிபடுகிறது. கொயர் ஒத்திகையில் இதைவிடக் கைகொடுக்கும் வழி இல்லை. யார் எந்த இடத்தில் நுழைய வேண்டும் என்பதற்குக் கதவு எண் மாதிரி ஒரு விலாசம் கிடைக்கிறது.

ஆனால் இதில் இரண்டு குறை. எட்டு எண்ணில் ரெண்டு, அஞ்சு, ஆறு, எட்டு என்ற நான்கும் குற்றியலுகரத்தில் முடிகின்றன. பேச்சில் மற்ற நான்கின் கடைசி உகரமும் தேய்ந்துதான் வரும். அதனால் முதல் பாதி நீண்டு, இரண்டாம் பாதி விழுங்கப்படுகிறது. கேட்டால் சரிபாதியாக இருக்காது, இரண்டுக்கு ஒன்று என்று சாய்ந்திருக்கும். சொல்லிச் சொல்லி நேராக்கலாம், நேரம் பிடிக்கும். இரண்டாவது குறை பெரியது. ஒரு தட்டை மூன்றாகவோ நான்காகவோ பிரிக்க வேண்டுமென்றால் எண்ணில் இடமில்லை. ஆகவே எண்ணுவதை நான் விலாசம் சொல்ல மட்டும் வைத்துக்கொள்கிறேன்.

டா-டிடி வழியை இங்கே கொயர் நடத்துகிறவர்கள் பலரும் அறிவார்கள். ஹங்கேரியின் இசையமைப்பாளர் ஸோல்தான் கோடாய் (1882-1967) பெயரால் உலகெங்கும் பரவிய முறை. ஆனால் இந்த அசைகளின் வேர் அவருக்கும் முந்தியது. 19-ஆம் நூற்றாண்டில் பிரான்ஸில் ஏமே பாரி என்பவர் உருவாக்கிய காலப் பெயர்களிலிருந்து வந்தவை. டோ-ரே-மி என்று பெயர் சொல்லிப் பாடும் டானிக் ஸோல்ஃபாவைப் பரப்பிய இங்கிலாந்துக்காரர் ஜான் கர்வனும் அதிலிருந்து எடுத்துக்கொண்டார். ஒரு தட்டு முழுக்க நிற்கிற ஸ்வரம் 'டா'. பாதிப் பாதியாக இரண்டு வந்தால் 'டிடி'. ஒரே நாளில் பிள்ளைகள் பிடித்துக்கொள்வார்கள். ஐந்து கோட்டில் எழுதும் ஸ்டாஃப் நொட்டேஷனில் இருக்கும் குறிக்கும் வாயில் வரும் ஒலிக்கும் நேரடிச் சம்பந்தம் இருப்பதால், தாளைப் பார்த்துப் பாடப்போகிற பிள்ளைக்கு இது பெரிய துணை.

குறை எங்கே என்றால், இந்தப் பெயர்கள் ஸ்வரத்தின் நீளத்தைச் சொல்கின்றன, அது விழும் இடத்தைச் சொல்வதில்லை. தட்டில் விழுகிற அரையும் 'டி', தட்டுக்கு அப்பால் விழுகிற அரையும் 'டி'. 'டி-டா-டி' என்று வரும்போது நடுவில் உள்ள 'டா' அடுத்த தட்டின்மேல் கால் நீட்டிப் படுத்திருக்கிறது. பிள்ளைக்கு அது தெரியாது. அது 'டா'வைச் சொல்லும்போது ஒரு தட்டு தட்டிவிட்டு நிம்மதியாகப் போய்விடும். இதை எத்தனையோ தடவை பார்த்துவிட்டேன். கை தாளத்தை விடாமல் பிடித்துக்கொண்டு டா-டிடி சொன்னால்தான் பலன். வாயால் மட்டும் சொன்னால் தாளில் இருப்பதைப் படிக்கிற வித்தையாகவே அது நின்றுவிடும்.

இந்த இடத்தில் ஒரு புதிய முறையையும் சொல்ல வேண்டும். 1996-ல் அமெரிக்காவில் ஹாஃப்மன், பெல்ட்டோ, வைட் என்ற மூன்று பேராசிரியர்கள் 'டகடிமி' என்ற பெயரில் ஒன்றை வெளியிட்டார்கள். அசைகள் நம்முடையவை, பயன்படுத்தும் விதம் வேறு. அதில் தட்டின்மேல் விழுவது எப்போதும் 'த', சரிபாதியில் விழுவது எப்போதும் 'தி'. மேலே சொன்ன 'டி-டா-டி' இதில் 'த-தி-', அப்புறம் ஒரு மௌனத் தட்டு, அதன் பாதியில் இன்னொரு 'தி' என்று வரும். இடம் துல்லியமாகத் தெரிகிறது. நல்ல யோசனைதான். ஆனால் நம் பிள்ளைகளுக்கு நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன். நமக்கு இரண்டு என்றால் 'தக'. அவர்களுக்கு இரண்டு என்றால் 'த-தி'. மிருதங்க வகுப்புக்கும் போகிற ஒரு பையன் என்னிடம் ஒரு பருவம் முழுக்க இரண்டையும் கலந்து சொல்லித் தடுமாறினான். நடுவில் நின்று அவன் முழிக்கிற முழியைப் பார்த்த பிறகு அதை விட்டுவிட்டேன்.

இனி சொற்கட்டு, அதாவது தகதிமி, தகிட என்று அசை சொல்லும் நம் வழி. இதைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டும். நம் பிள்ளைகளுக்கு முதன்மை மொழியாக இதையே வைக்கலாம் என்பது என் முடிவு. அதன் பலவீனத்தையும் தெரிந்துகொண்டுதான் வைக்க வேண்டும்.

மூன்றுக்குத் தகிட, நான்குக்குத் தகதிமி, ஐந்துக்குத் தகதகிட, ஏழுக்குத் தகிடதகதிமி, ஒன்பதுக்குத் தகதிமிதகதகிட. திஸ்ரம், சதுஸ்ரம், கண்டம், மிஸ்ரம், சங்கீர்ணம் என்ற ஐந்தும் இரண்டு மூன்று துண்டுகளை ஒட்டியதிலேயே வந்துவிடுகின்றன. பிள்ளைகள் புதிதாக மனப்பாடம் செய்ய ஒன்றுமில்லை. அதைவிட முக்கியம், எழுத்துகள் எல்லாம் குறில். த-க-தி-மி என்ற நான்கும் சம அளவு. எண்ணில் இருந்த சாய்வு இங்கே வராது. நாக்கும் மேலண்ணமும் பல்லும் மாறி மாறி வேலை செய்வதால் ஒவ்வோர் அசையும் தனியாக, சுத்தமாக விழுகிறது. பனிக்காலத்துக் காலையில் உதடு விறைத்து உட்கார்ந்திருக்கிற பிள்ளைகளுக்கு ஐந்து நிமிஷம் தகதிமி சொல்லவைத்தால் வார்த்தை சுத்தமும் கூடவே வந்துவிடுகிறது.

எல்லாவற்றுக்கும் மேலாக, சொற்கட்டுக்கு ஒரு ஜோடி இருக்கிறது, கை. நம் மரபில் தட்டு, விரல், வீச்சு என்று தாளத்தைக் கை வைத்திருக்கிறது, பிரிவை வாய் வைத்திருக்கிறது. இரண்டும் வேறு வேறு இடத்தில் குடியிருக்கின்றன. புரந்தரதாசர் வகுத்ததாகச் சொல்லப்படும் ஆரம்பப் பாடங்களில் மூன்று காலம் பாடுவதும் இதைத்தான் பழக்குகிறது. கை மாறாது, தட்டுக்கு ஒன்று, இரண்டு, நான்கு என்று வாய் மட்டும் மாறும். பாட்டு வந்ததும் வாய் சொல்லைக் கைவிடுகிறது. கை அப்படியே இருக்கிறது. என் அளவுகோலில் சொற்கட்டு முதலில் நிற்பது இதனால்தான்.

பலவீனம் என்ன? சொற்கட்டு கூட்டத்துக்குப் பெயர் வைக்கிறது, இடத்துக்கு வைப்பதில்லை. நான்காக ஓடுகிற நடையில் தகிட தகிட தகிட என்று சொல்லிக்கொண்டே போனால் 'த' தட்டைவிட்டு நழுவி எங்கெங்கோ விழும். பெரியவர்களுக்கு அதுதான் அழகு. கற்கும் பிள்ளைக்கு அது குழி. கை இல்லாமல் சொற்கட்டு சொல்லிக் கொடுத்தால் அது நாக்குப் பயிற்சி, தாளப் பயிற்சி இல்லை. வேகமாகச் சொல்ல வந்ததும் பிள்ளைகளுக்குப் பெருமை வந்துவிடும். வீட்டுக்கு வரும் சொந்தக்காரர்கள் முன்னால் சொல்லிக் காட்டச் சொல்லும் பெற்றோரும் உண்டு. அந்த வேகத்தைப் பாராட்டாதீர்கள் என்று நான் பெற்றோரிடம் கேட்டுக்கொள்வது வழக்கம். மெதுவாகச் சொல்லிக் கையை நிறுத்திவைத்திருக்கிற பிள்ளைதான் முன்னால் போயிருக்கிறது.

மூன்றில் ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. பிள்ளைகள் 'தகிட' என்று சொல்லிவிட்டு ஒரு நூல் அளவு மூச்சு விடுவார்கள். தகிட, தகிட, தகிட. அந்தக் காற்புள்ளி இருக்கிற இடத்தில் நான்காவது ஒன்று ஒளிந்திருக்கிறது. கேட்கிற காதுக்குத் திஸ்ரம் மாதிரி இருக்கும், உண்மையில் சதுஸ்ரம்தான். வாயைத் திருத்தி இதைச் சரிசெய்ய முடியவில்லை. கால்தான் சரிசெய்தது. ஓர் அசைக்கு ஓர் அடி என்று, காலை எங்கும் நிறுத்தாமல் நடக்கச் சொன்னேன். இடது-வலது-இடது, வலது-இடது-வலது. மூன்று சரியாக இருந்தால் 'த' ஒரு முறை இடது காலில் விழும், அடுத்த முறை வலது காலில் விழும். ஒளிந்திருக்கும் நான்காவது நுழைந்துவிட்டால் 'த' எப்போதும் ஒரே காலில்தான் விழும். பிள்ளைகளே கண்டுபிடித்துவிடுகிறார்கள். "மிஸ், எனக்கு இடதுலயே வருது" என்று ஒருவன் வந்து நிற்பான். திரும்ப நட என்பேன். மூன்றாவது சுற்றில் மாறிவிடும்.

சொல்லிலிருந்து பாட்டுக்குப் போகிற பாலத்தையும் கட்டித்தர வேண்டும். முதலில் பேச்சாகத் தகதிமி. அப்புறம் அதையே ஷட்ஜத்தில், அதாவது 'ஸ'வில், நிறுத்திப் பாட வேண்டும். அப்புறம் மெய்யெழுத்தை உருவிவிட்டு ஆகாரம் மட்டும். இந்த மூன்றாவது படியில் கவனம் தேவை. பிரிவைக் காட்டுவதற்காகப் பிள்ளைகள் தொண்டையால் இடிப்பார்கள், ஆ-ஹா-ஹா-ஹா என்று. அது பழகிவிட்டால் எடுப்பது கஷ்டம். குரல் நூல் பிடித்தமாதிரி நேராக ஓட வேண்டும், பிரிவு உள்ளே ஓட வேண்டும். தாளம் போடாத இன்னொரு கையின் ஒரு விரலால் தொடைமேல் மெல்லத் தட்டிக்கொள்ளச் சொல்கிறேன். தொண்டையின் வேலையை விரல் வாங்கிக்கொள்கிறது. ஒரு மாதத்தில் விரலும் தேவைப்படாது. ஒரே ஸ்வரத்தை நீட்டிப் பிடிக்கிற கார்வையை முழு அளவு நிறுத்தாமல் சீக்கிரமே விட்டுவிடுகிற பழக்கத்துக்கும் இதே மருந்துதான்.

ஆனால் ஐந்தாறு வயதுக்கு 'தகதிமி' வெறும் ஒலி. அவர்களுக்கு அர்த்தமுள்ள சொல் வேண்டும். பல ஊர்களில் பழத்தின் பெயர், காய்கறியின் பெயர் என்று வைத்துத் தாளம் சொல்லித்தருவார்கள். நானும் முதல் வருஷம் காய்கறியில்தான் தொடங்கினேன், கேரட்டும் முட்டைக்கோஸும் உருளைக்கிழங்கும் விளைகிற ஊராயிற்றே என்று. சரிவரவில்லை. உருளைக்கிழங்கை நான்காகப் பிரிக்கப் போனால் ஆறு அசை வந்து நிற்கிறது. முட்டைக்கோஸில் 'கோ' நீளும். தமிழில் சொல்லுக்கு ஏற்கெனவே ஓர் அளவு இருக்கிறது. குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு. கண்ணிமைக்கும் நேரம், கை நொடிக்கும் நேரம் ஒரு மாத்திரை என்று தொல்காப்பியமே அளந்து வைத்துவிட்டது. அந்த அளவை மீறிச் சொல்லச் சொன்னால் பிள்ளையின் நாக்கு கேட்காது, கேட்கவும் கூடாது.

அதனால் அளவோடு ஒத்துப்போகிற சொல்லைத் தேடினேன். ஜன்னலுக்கு வெளியே கிடைத்தது. ஒன்றுக்கு 'டீ'. இரண்டுக்குப் 'பனி'. மூன்றுக்குக் 'குளிரு'. நான்குக்குப் 'பனிமழை'. டீயையும் 'ழை'யையும் தவிர எல்லாம் குறில். 'ழை' நெடில்தான், ஆனால் சொல்லின் கடைசியில் குறுகி ஒலிப்பதால் அதுவும் சம அளவில் வந்துவிடுகிறது. ப-னி-ம-ழை என்பதைச் சொல்லிப் பாருங்கள், தகதிமியேதான். பனி-குளிரு என்றால் ஐந்து. குளிரு-பனிமழை என்றால் ஏழு, ஏழு எண்ணிக்கைத் தாளமான மிஸ்ர சாப்பு தயார். ஆறு வயதுப் பையன் மிஸ்ர சாப்பு சொல்லிக்கொண்டே ஸ்வெட்டர் பொத்தான் போடுவதைப் பார்க்க எனக்கு அத்தனை சந்தோஷம்.

நீளமும் குறிலும் கலந்த சொற்களைத் தூக்கிப்போட வேண்டாம், அவற்றுக்கு வேறு வேலை இருக்கிறது. 'தேயிலை' என்பது நெட்டை ஒன்று, குட்டை இரண்டு. 'தா'வுக்குப் பின் 'கிட'. அந்த அமைப்பு பாட்டில் வரும்போது 'இது தேயிலை' என்றால் போதும். 'கொழுந்து' இன்னும் உசத்தி. கொ குட்டை, ழுந் நெட்டை, து குட்டை. டா-டிடி முறைக்காரர்கள் சொல்லித்தரத் திண்டாடுகிற டி-டா-டி அப்படியே நம் சொல்லில் இருக்கிறது. என் வகுப்பில் பாதிப் பிள்ளைகளின் அம்மாமார் கொழுந்து பறிக்கப் போகிறவர்கள். அந்தச் சொல்லைச் சரியான அளவில் சொல்ல அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சந்தப் பாட்டுக்குத் தனதன, தந்த, தத்த என்று வாய்பாடு எழுதி வைத்தவர்கள் நம்மவர்கள். அதே அறிவுதான் இதற்குள்ளும் இருக்கிறது.

சொல் வழிக்கும் எல்லை உண்டு. ஒன்பது, பத்து வயதில் பிள்ளைகளுக்கு அது சின்னப்பிள்ளை விளையாட்டாகத் தெரியத் தொடங்கும். வேகம் கூடும்போது ழகரம் இடறும். அப்போது தகதிமிக்கு மாற்றிவிட வேண்டும். அளவு ஒன்றே என்பதால் மாறுவது அவர்களுக்குத் தெரியவே தெரியாது.

அடுத்தது கால். உடம்பை அசைத்துத் தாளம் கற்பது என்ற எண்ணத்துக்கு மேற்கில் பெயர் பெற்றவர் ஸ்விட்சர்லாந்தின் எமீல் ஷாக்-தால்க்ரோஸ் (1865-1950). இந்த மலைக்கு அது புதிதில்லை. படுகர் வீட்டுப் பிள்ளைகள் நடக்கத் தெரிந்த நாளிலிருந்து விசேஷங்களில் வட்டமாக நின்று ஆடுகிற பெரியவர்களோடு அடியெடுத்து வைத்து வளர்கிறவர்கள். அவர்களுக்குக் காலில் தாளம் இருக்கிறது. நாம் அதை வாயோடு இணைத்துவிட்டால் போதும்.

மலையில் நடக்கும்போது ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். சமதளம் குறைவு. ஏற்றத்தில் நடை தளரும், இறக்கத்தில் கால் தானே ஓடும். முதலில் இது எனக்குத் தொந்தரவாக இருந்தது. பிறகு இதையே பாடமாக்கினேன். நாங்கள் வகுப்பு நடத்தும் கூடத்துக்கு ரோட்டிலிருந்து இருபத்திரண்டு படி ஏறி வர வேண்டும். தொடக்கத்தில் சொன்னேனே, இரண்டாம் காலத்தில் கையும் சேர்ந்து ஓடிய பெண், அவளை அந்தப் படிகளுக்குக் கூட்டிப்போனேன். படிக்கு ஒரு தட்டு. முதல் ஐந்தாறு படிக்கு 'டீ' என்று ஏறினாள். அப்புறம் 'பனி'. வாய் இரட்டித்தது, கால் இரட்டிக்கவில்லை. இரட்டிக்கவும் முடியாது. ஏறுகிற படியில் கால் ஓட மறுக்கும், அதற்கு அதன் பாரம் தெரியும். கடைசிப் படிகளில் 'பனிமழை' என்று சொல்லிக்கொண்டே மேலே வந்து மூச்சு வாங்க நின்றாள். "இப்போ கால் ஓடுச்சா?" என்றேன். "இல்ல மிஸ், வாய் மட்டும்தான் ஓடுச்சு" என்றாள். உள்ளே போய் உட்கார்ந்து கையைப் போட்டுச் சரளிவரிசையை இரண்டாம் காலம் பாடினாள். எட்டு அட்சரமும் நின்றன. அன்றைக்குக் கற்றது அடுத்த வாரம் கொஞ்சம் நழுவியது, மறுபடி படி ஏறினோம்.

ஏறுவதுதான் நல்லது, இறங்குவதில் வேண்டாம். மழை நாளில் படி வழுக்கும். இந்தப் பக்கம் ஐப்பசி, கார்த்திகையில்தான் மழை கொட்டும், அந்த இரண்டு மாதமும் கூடத்துக்குள்ளேயே நின்ற இடத்தில் கால் மாற்றி வைத்துக்கொள்கிறோம்.

சீராகத் தட்டொலி தருகிற மெட்ரோனோம் பற்றி அதிகம் எழுத ஒன்றுமில்லை. இப்போது எல்லார் போனிலும் ஆப் இருக்கிறது. ஆசிரியர் தன் காலப் பிரமாணத்தை, அதாவது வேகம் மாறாமல் நிற்கிறதா என்பதை, சோதித்துக்கொள்ள அது நல்ல கருவி. பிள்ளைகளுக்கு அது வெளியிலிருந்து வருகிற தட்டு. கேட்டுக்கொண்டிருக்கும்வரை ஒழுங்காகப் பாடுவார்கள், அணைத்ததும் பழைய கதைதான். தகரக் கூரைமேல் மழை பெய்யும்போது அது கேட்கவும் கேட்காது. பன்னிரண்டு வயதுக்கு மேல், இரண்டு தட்டுக்கு ஒரு முறை மட்டும் ஒலிக்கும்படி வைத்து, நடுவிலுள்ள தட்டைப் பிள்ளையே நிரப்பும்படி செய்தால் பயன் உண்டு.

வேகத்தைப் பற்றி ஒரு வார்த்தை. புதிதாகச் சொல்லித்தருகிறவர்கள் மெதுவாகத் தொடங்கினால் சுலபம் என்று நினைக்கிறார்கள். சின்னப் பிள்ளைகள் இயல்பாகத் தட்டுகிற வேகம் பெரியவர்களைவிடக் கூடுதல். நிமிஷத்துக்கு 60 தட்டு என்றால் ஒரு தட்டுக்கும் அடுத்ததற்கும் நடுவில் அவர்களுக்குப் பெரிய பள்ளம். காத்திருக்க முடியாமல் முந்திவிடுவார்கள். 80, 90-ல் தொடங்கினால் நிற்பார்கள். ஆனால் மூன்றாம் காலம் பாட வேண்டுமென்றால் 60-க்கு வந்தாக வேண்டும், அப்போதுதான் விநாடிக்கு நான்கு ஸ்வரம் என்று நாக்கு தாங்குகிற அளவில் இருக்கும். ஆகவே முதல் சில மாதம் 80-ல் இரண்டு காலத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பிரிவு உள்ளே ஓடத் தொடங்கிய பிறகு மெதுவாக்குங்கள். அப்போது பள்ளத்தை நிரப்ப அவர்களிடம் தகதிமி இருக்கும்.

சரி, குன்னூர்த் தங்கைக்கு என்ன சொல்வேன்? முதல் ஆறு வாரம் வேறெதுவும் வேண்டாம், காலும் சொல்லும் போதும். டீ, பனி, பனிமழை. குளிரு கடைசியில் வரட்டும், மூன்று எப்போதும் நான்குக்குப் பிறகுதான். ஏழாவது வாரத்திலிருந்து கைத்தாளத்தோடு சொற்கட்டு. கொயர்ப் பிள்ளைகள், பஜனைப் பிள்ளைகள் என்று பிரிக்காமல் எல்லோருக்கும் அதே மொழி. ஒரே வகுப்பில் இரண்டு அசைமொழி வைக்காதே, குறைந்தது முதல் வருஷம் வைக்காதே. கொயர்ப் பிள்ளைகள் நொட்டேஷன் தாளைக் கையில் எடுக்கிற நேரம் வரும்போது டா-டிடியைப் படிப்பதற்கான பெயராகச் சேர்த்துக்கொள்ளலாம், அப்போது அவர்கள் உடம்பில் தட்டு நின்றிருக்கும். எண்ணுவதை ஒத்திகையில் இடம் சொல்ல வைத்துக்கொள்.

வகுப்பு முழுக்கக் கொயர்ப் பிள்ளைகளாக இருந்து, எல்லோரும் பத்து வயதுக்கு மேலாகி, டிசம்பரில் தாளைப் பார்த்து நான்கு குரலில் பாட வேண்டும் என்ற நெருக்கடியும் இருந்தால் என் பதில் மாறும். அப்போது டா-டிடியில் நேரே இறங்கு, ஆனால் கை தட்டில் இருக்க வேண்டும் என்பதை மட்டும் விட்டுக்கொடுக்காதே. வாரத்துக்கு இருபது நிமிஷம்தான் கிடைக்கிறது என்றால் அசைமொழிகளை எல்லாம் மறந்துவிட்டுப் படி ஏறு.

வேலை நடந்திருக்கிறதா என்று பார்க்க நான் வைத்திருக்கும் சோதனை ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தெரிந்த பாட்டில் ஒரு வரியை எல்லோரும் பாட வேண்டும். அப்புறம் ஒரு ஆவர்த்தனம், அதாவது தாளத்தின் ஒரு சுற்று, முழுக்க மௌனம், கையில் தாளம் மட்டும். திரும்பச் சமத்தில், அதாவது அடுத்த சுற்றின் முதல் தட்டில், எல்லோரும் ஒன்றாக நுழைய வேண்டும். அது வந்துவிட்டால் அடுத்த தடவை கையும் இல்லை. கையைக் கட்டிக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு எட்டு அட்சரம் காத்திருந்து நுழைய வேண்டும். ஆசிரியர் தலையசைக்கக் கூடாது, மூச்சு இழுத்துக் காட்டவும் கூடாது.

போன சனிக்கிழமை அதைச் செய்தோம். வெளியே மழை, கூரை அதிர்ந்துகொண்டிருந்தது. பதினான்கு பேர் கையைக் கட்டி உட்கார்ந்திருந்தார்கள். ஒரு சின்னவன் உதட்டுக்குள் பனிமழை, பனிமழை என்று முணுமுணுப்பது தெரிந்தது. ஏழாவது அட்சரத்தில் மூன்று பேர் முந்திவிட்டார்கள். பதினொரு பேர் சமத்தில் ஒரே குரலாக வந்தார்கள். அந்தப் படி ஏறிய பெண் பதினொன்றில் ஒருத்தி. முந்திய மூவரையும் இந்த வாரம் படிக்குக் கூட்டிப்போக வேண்டும், மழை விட்டால்.